ஏழாம் பாட்டில்

காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. அதற்குள் அவன் விழித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. எழுந்தான். போர்வையை மடித்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்திவிட்டு, துணி துவைக்கும் இயந்திரத்துக்கு மேலே இருந்த பலகையின் விளக்கைப் போட்டான்.

பலகையில் பதினோரு ஜாம் பாட்டில்கள். மூடிக்குப் பதில் மெல்லிய துணி, அதைச் சுற்றி ரப்பர் பேண்டு. ஒவ்வொரு துணியின் மேலும் இரண்டு முறை தண்ணீர் தெளித்தான். மூன்றாவது முறை தெளித்தால் பூஞ்சணம் பிடிக்கும். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டினான். பழுப்புத் தூள் விழுந்தது. தூளில் ஏதாவது நகர்கிறதா என்று அறுபது வரை எண்ணிக்கொண்டே பார்த்தான். நகர்ந்ததை ஈரத் தூரிகையின் நுனியால் தொட்டெடுத்து, ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில் போட்டான். நோட்டில் தேதி, பாட்டில் எண், எண்ணிக்கை.

பதினொன்றும் முடிவதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறிவிட்டிருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினான். தினமும் இரண்டு முறைதான் கொதிக்கிறது. முதலிலேயே பாட்டில்களை முடித்துக்கொண்டு கெட்டிலைப் போடலாம். பதினோரு மாதமாக அந்த யோசனை வருகிறது. பதினோரு மாதமாகக் கெட்டில்தான் முதலில்.

பாட்டில்களுக்குள் இருப்பது காளான். சமையலுக்கு ஆகிற காளான் அல்ல. செத்த மரத்தில் யாரோ பலகை அடித்துவிட்டுப் போனதுபோல நீட்டிக்கொண்டு வளர்கிற காளான். காய்ந்தால் கட்டை மாதிரி ஆகிவிடும். அதற்குள் குடியிருக்கிற வண்டு கடுகில் பாதி இருக்கும். பிறப்பது, தின்பது, பெருகுவது, சாவது எல்லாம் அந்தக் காளானுக்குள்ளேயே. பயிரைத் தின்னாது, யாரையும் கடிக்காது, பளபளக்காது. அதனால் அதை யாரும் சீண்டியதில்லை. அவன் மனைவி சீண்டினாள். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் அவளுக்கு வேலை. மலையில் எட்டு நாள் அலைந்து பதினோரு காளான்களை வெட்டிக்கொண்டு வந்து, அங்கே இடம் இல்லையென்று வீட்டில் பாட்டிலில் போட்டு வைத்தாள். ஒரு காளானுக்கு ஒரு பாட்டில், ஒரு பாட்டிலுக்கு ஒரு லேபிள். அது அவளுக்குச் சட்டம். அவள் போன பிறகு காளானை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று அவன் பார்த்துக்கொண்டான். நோட்டில் அவள் கையெழுத்து நின்ற வரிக்கு அடுத்த வரியில் அவன் கையெழுத்து தொடங்குகிறது. இடையில் ஒன்பது நாள் இல்லை.

அவனுக்கு வேலை பிழை திருத்துவது. பள்ளிப் பாடநூல் அச்சிடும் இடத்தில், எட்டு மணி நேரம் சிவப்புப் பேனா. அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. "புரூப்பு" என்பாள். "புரூப்பு, காப்பிப்பொடி தீர்ந்து போச்சு. இதுக்கு ஓரத்துல என்ன குறி போடுவ?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலை இல்லை. குப்பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். படிக்கட்டுச் சுவரில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் உள்ள பழைய அடிமரம் வியாழக்கிழமை காலை தோண்டி அகற்றப்படும். வண்டிகளை நகர்த்தி வைக்கவும். 'அகற்றப்படும்' என்பதில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்தது. கை தானாகச் சட்டைப் பையில் பேனாவைத் தேடியது. பிறகுதான் வாசகம் உறைத்தது. குப்பைப் பையைக் கையில் பிடித்தபடியே நின்றான்.

அந்த அடிமரம் அவனுக்கு வேண்டியது. அவனுக்கு மட்டும்தான் தெரியும், எதற்கு என்று.

பதினோரு மாதத்துக்கு முன்பு ஒரு மாலை, அவள் வீடு திரும்புவதற்குள் பலகையைத் துடைத்து வைக்கலாம் என்று நல்லபிள்ளையாகத் துணியை எடுத்தான். ஏழாம் பாட்டில் முழங்கையில் இடித்துத் தரையில் விழுந்து நொறுங்கியது. காளான் ஏற்கெனவே உளுத்தது; தூளும் கண்ணாடியுமாகக் கலந்துவிட்டது. கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டான். குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டும் போய்விட்டது. அப்புறம்தான் பயம் வந்தது. மலையில் எட்டு நாள் அட்டை கடித்த கால் அவளுடையது. லேபிள் ஒட்டிய கண்ணாடித் துண்டு மட்டும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் சிக்கிக் கிடந்தது. கெட்டிலின் ஆவியில் லேபிளை உரித்து வேறொரு ஜாம் பாட்டிலில் ஒட்டினான். சமையலறைக் கத்தியை எடுத்துக்கொண்டு கீழே போனான். அடிமரத்தில் அதே நிறத்தில், அதே அளவில் ஒரு காளான் இருந்தது. வெட்டிக்கொண்டு வந்து உள்ளே போட்டான். பார்க்க அச்சு அசல் அதுவாகவே இருந்தது. லேபிளில் அவள் கையெழுத்து: மலை, மேற்குச் சரிவு, 1400 மீட்டர், விழுந்த மரம்.

மறுநாள் காலை ஏழு இருபதுக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். தெரு முனையில் சாலையைக் கடக்கும்போது ஒரு சரக்கு வண்டி. ஏழு முப்பது.

இருபத்து மூன்று. இதுவரை ஏழாம் பாட்டிலிலிருந்து வந்த வண்டுகள் அவ்வளவு. மற்றப் பாட்டில்களில் வந்தவை எல்லாம் தெரிந்த வண்டுகள். ஏழிலிருந்து வந்தது மட்டும் யாரும் எழுதாத வண்டு. அதற்குத்தான் அவள் பெயரை வைக்கப்போகிறார்கள்.

குப்பையைப் போட்டுவிட்டு மேலே ஏறினான்.

ஒன்பது மணிக்கு அத்தை வந்தார். அவளுடைய அம்மா. இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் வருகிறார். வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து, போன வாரம் தான் வைத்துவிட்டுப் போன டப்பாக்களை எண்ணுவார்.

"மூணு அப்படியே இருக்கு மாப்ள. மூடியைக்கூடத் திறக்கலை. வண்டைப் பார்க்கக் கண்ணு தெரியுது, டப்பாவைப் பார்க்கத் தெரியலையா?"

"மறந்துட்டேன் அத்தை."

"மறப்பீங்க. அதனாலதான் என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா."

அவள் போன அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அத்தை அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன சொன்னா, என்ன சொன்னா" என்று கேட்டபோது, வாயில் வந்த ஒரே சொல்லை அவன் சொன்னான். "கவனிச்சுக்கிறேன்னு சொன்னா." அவ்வளவுதான். அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதல் மாதம் அது "அவரைக் கவனிச்சுக்கணும்னு சொன்னாளாம்" என்று இருந்தது. மூன்றாம் மாதம் "அம்மாதான் அவரைக் கவனிச்சுக்கணும்னு சொன்னா." இப்போது உறவினர் வீட்டுத் தொலைபேசிகளில் அது நாலு வரி நீளம், அதில் அவன் வயிறு, அவன் தூக்கம் எல்லாம் வருகின்றன. ஒவ்வொரு ஞாயிறும் திருத்திவிடலாம் என்று நினைப்பான். அச்சுக்குப் போய்விட்ட பிழையில் யாரும் கை வைப்பதில்லை. அதுவும் இது இரண்டு பஸ் மாறி வருகிற பிழை.

பதினொன்றரைக்கு அழைப்பு மணி அடித்தது. பூச்சிப் பிரிவின் தலைமைப் பெண்மணி. கழுத்தில் எப்போதும் கறுப்புக் கயிற்றில் ஒரு லென்ஸ் தொங்கும். அவள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும்.

"மூணு மாடி" என்று மூச்சு வாங்கினார் பூதக்கண்ணாடி. "லிஃப்ட் இருக்கற கட்டடமா பார்த்துக் குடி வரக்கூடாதா தம்பி?"

"லிஃப்ட் இருக்கு மேடம். ஓடாது."

"அப்ப அது லிஃப்ட் இல்ல, அலமாரி."

அத்தை தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். பூதக்கண்ணாடி பையிலிருந்து ஒரு பெரிய படத்தை எடுத்து மேசையில் விரித்தார். வண்டின் தலை, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கி வரைந்தது. நெற்றியில் இரண்டு கொம்பு, அதற்குப் பின்னால் கழுத்துப் பட்டையில் ஒன்று.

"மூணு கொம்பு. உணர்கொம்புல ஒன்பது கணு. முப்பது வருஷத்துப் பெட்டியெல்லாம் இறக்கிப் பார்த்துட்டேன், இந்த மாதிரி ஒண்ணு கிடையாது. நம்ம பொண்ணோடதுதான் முதல்."

அத்தை படத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "பேரு?"

"அவ பேருதான். கடைசியில ஒரு வால் சேரும்."

"வண்டுக்கு எதுக்குங்க வாலு?"

"வண்டுக்கு இல்லம்மா, பேருக்கு. அது லத்தீன் இலக்கணம்."

அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு அனுப்பிடறேன்" என்றார் பூதக்கண்ணாடி. "நம்ம செக்‌ஷன்ல ரெண்டு பேரு அடுத்த வாரம் லீவு போட்டுட்டு மேற்குச் சரிவுக்குப் போறாங்க. பதினஞ்சு நாள். இன்னும் கிடைக்குதான்னு பார்க்கணும்ல. சரி, கட்டுரையைப் படிச்சீங்களா?"

ஒன்பது நாள் முன்பு அவர்தான் அந்தப் பதினான்கு பக்கத்தையும் அவனிடம் கொடுத்தார். உங்க கைப்பட ஒரு தடவை பார்த்துக் குடுங்க, அவளுக்காக. அவன் மூன்று முறை படித்தான். காற்புள்ளிகூடத் தப்பாக இல்லை. பதினான்கு பக்கத்தில் ஒரே ஒரு பிழைதான் இருந்தது. அதற்கு எந்தக் குறி போடுவது என்று எட்டு நாள் யோசித்தான். இன்று காலை குப்பை போட்டுவிட்டு வந்து போட்டான்.

"படிச்சேன்" என்று தாள்களைக் கொடுத்தான்.

"ஏதாவது இருக்கா?"

"ஒண்ணு."

பூதக்கண்ணாடி புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் நின்றார். சேகரித்த இடம் என்ற வரியின் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் வால் நீண்ட ஒரு சுழி.

"இது என்ன சுழி?"

"நீக்கணும்னு அர்த்தம்."

"எதை? உயரம் தப்பா?"

"வரி முழுக்க."

அவன் சொன்னான். எழுந்து நிற்கவில்லை, குரலை மாற்றவில்லை. முழங்கை, பாட்டில், குப்பை வண்டி, கெட்டிலில் உரித்த லேபிள், கத்தி, கீழே உள்ள அடிமரம். ஆறேழு வாக்கியம். மனப்பாடமாகிவிட்டிருந்ததால் தடுமாறவும் இல்லை. சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

பூதக்கண்ணாடி லென்ஸைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இடம் தப்பான வண்டு வண்டே இல்ல தம்பி. தூசி. தெரியுமா அது?"

"தெரியும். அவ சொல்லியிருக்கா."

"ரெண்டு பேரு மலை ஏறப் போறாங்க."

"தெரியும் மேடம்."

"அவ பேரைப் போட்டு ஒரு பொய்யை அச்சடிக்க இருந்தேன் நான். இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. ஜாம் பாட்டில்ல காளானை மாத்திப் போட்ட புருஷன்!" குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "அப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?"

என்ன என்று அவனுக்கும் தெரியவில்லை. முதலில் அவளிடம் சொல்லத் துணிவில்லை. பிறகு சொல்ல அவள் இல்லை. பிறகு வண்டு வந்தது. பிறகு அதற்குப் பெயர் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதையெல்லாம் சொல்ல அலுப்பாக இருந்தது.

"அந்தக் கட்டை இருக்கா இன்னும்?"

"வியாழக்கிழமை வரைக்கும்."

பூதக்கண்ணாடி எழுந்தார். "கத்தி எடுங்க. தாளும் தூரிகையும் குப்பியும்கூட."

எடுத்தான்.

"அதே கத்தியா?"

"அதேதான்."

"நல்லது. நடங்க."

அடிமரம் இடுப்பளவு உயரம். ஒருபுறம் மழைநீர்க் குழாய், மறுபுறம் யாரோ கழற்றிப் போட்ட டயர். பட்டை உரிந்து தொங்கியது. காளான்கள் வரிசையாகப் படிபோல இருந்தன. பூதக்கண்ணாடி செருப்பைக் கழற்றி அதன் மேலேயே மண்டியிட்டார். அவர் எல்லாக் காளானையும் கீழிருந்துதான் பார்த்தார். அடியில் விரலை ஓட்டினார். அவளும் அப்படித்தான். காளானை அடிப்பக்கம் பார்த்து அடையாளம் சொல்கிறவளிடம், மேல்பக்கம் பார்த்து வெட்டி வந்ததை அவன் நீட்டியிருந்தான்.

"மலையில வெட்டினதுக்கு அடியில ஊசி குத்தின மாதிரி பொடி ஓட்டை இருந்ததுன்னு நோட்டுல எழுதியிருக்கா. இதுக்குப் பாருங்க, சீப்பு மாதிரி கோடு. லேபிளை நம்பி நானும் பாட்டிலுக்குள்ள எட்டிப் பார்க்கலை. என் பேருக்கு வெட்கக்கேடு."

முதல் காளானை வெட்டித் தாளில் தட்டினான். ஒன்றும் விழவில்லை. "அது இப்ப முளைச்சது. செத்துக் கிடக்கறதா பாருங்க" என்றார். இரண்டாவது உளுத்திருந்தது. அடியில் துளைகள். தட்டியதும் பழுப்புத் தூளோடு ஆறேழு புள்ளிகள் விழுந்தன. எதுவும் அசையவில்லை.

"செத்துப்போச்சா?" அத்தையின் குரல். ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி பின்னால் வந்து நின்றிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை.

"நடிக்குதும்மா. காலை இழுத்துக்கிட்டுக் கிடக்கும். ஆள் போயிட்டான்னு தோணினாத்தான் எழுந்திரிக்கும்."

அவன் எண்ணினான். நாற்பத்தொன்றில் ஒரு புள்ளி நகர்ந்தது. பூதக்கண்ணாடி லென்ஸைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

"பொண்ணு. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஏங்க?"

"பொண்ணுங்களுக்கு இதுல எல்லாம் ஒரே முகம். கொம்பு ஆணுக்குத்தான்."

"வெட்டிக்குக் கொம்பு வெச்சுக்கிட்டுத் திரியறது எல்லா இடத்துலயும் அவங்கதான்" என்றார் அத்தை.

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. அடுத்ததும் பெண். அதற்கடுத்ததும். நாலாவது தாளின் விளிம்பு வரை ஓடியது. தூரிகையால் வழியை மறித்து, பார்த்து, மறுபடி பார்த்து, லென்ஸைக் கயிற்றோடு கழற்றி அவனிடம் கொடுத்தார்.

அவன் பார்த்தான். முதலில் தன் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு பழுப்பாக ஒரு முதுகு, அதில் குட்டிக் குட்டி முடி. முன்னால் இரண்டு கொம்பு. பின்னால் ஒன்று. வண்டு தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஒன்பது கணுவை மைக்ரோஸ்கோப்புலதான் எண்ணணும்" என்றார் பூதக்கண்ணாடி. "ஆனா இதுதான். எனக்குத் தெரியும்." தரையிலேயே கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். "மேற்குச் சரிவுன்னு எவ்வளவு லட்சணமா எழுதியிருந்தேன். இனி 'கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால, டயருக்குப் பக்கத்துல'ன்னு எழுதணும். மலைக்குப் போறவங்க லீவைக் கேன்சல் பண்ணச் சொல்லணும். வியாழக்கிழமைக்கு முன்னாடி இந்தக் கட்டையைத் தோண்டக்கூடாதுன்னு ஒரு லெட்டர் வாங்கணும்."

"பேரு?" என்றார் அத்தை. "பேரு போயிடுமா?"

"பேரு எங்கேயும் போகாதும்மா. இடம்தான் மாறுது."

அவனுக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்து ஒரு நிமிடம் காத்திருந்தான். வரவில்லை. முதுகு வலித்தது. வண்டைக் குப்பிக்குள் போட்டு மூடினான். அடிமரத்தின் பக்கத்தில் இருந்த டயரில் உட்கார்ந்தான்.

"பாவம்" என்றார் பூதக்கண்ணாடி, செருப்பைத் தேடிக்கொண்டே. "அவளுக்கு இந்தக் கூத்து தெரியாமலே போயிடுச்சு."

"தெரியும்" என்றான்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"யாரு சொன்னா அவகிட்ட?" என்றார் அத்தை.

"யாரும் சொல்லலை. அன்னிக்குக் காலையில பாட்டிலைத் தூக்கி அடியில பார்த்தா. அவ்வளவுதான்."

"அன்னிக்கா? அன்னிக்குக் காலையில கவனிச்சுக்கிறேன்னுதானே..." அத்தை பாதியில் நிறுத்தினார்.

"அது நடுவுல இருக்கிற வார்த்தை அத்தை."

குழாயில் தண்ணீர் சொட்டியது. அத்தை வந்து டயரின் மறு ஓரத்தில், அவனுக்கு முதுகு காட்டினாற்போல உட்கார்ந்தார்.

"முழுசா சொல்லுங்க மாப்ள."

"நான் சொன்னதுல நீங்க..."

"அதை விடுங்க. நான் எப்படியும் ஞாயித்துக்கிழமை வரத்தான் போறேன். அவ என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்க. ஒட்டாம, வெட்டாம."

அவள் வாசலில் நின்றிருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு காலில் ஷூ ஏறிவிட்டது, இன்னொன்று ஏறவில்லை. அவன் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். அவள் நிமிரக்கூட இல்லை. ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"புரூப்பு, ஏழுல இருக்கறது என் காளான் இல்ல. சாயங்காலம் வந்து உன்னைக் கவனிச்சுக்கிறேன். அதுக்குள்ள அதைத் தூக்கிப் போட்டுடாத, அதுலயும் ஏதாவது இருக்கும்."